உன் நெற்றியில் விழுந்த மூன்று தையல்

சுமதி,

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. ஹாஸ்டல் சாப்பாடு, கூட இருக்கும் பிள்ளைகள், எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் பாடு எல்லாம் படித்தேன். கடைசிப் பக்கத்தில்தான் நின்றுவிட்டேன். கையில் அடிபட்ட ஒருவரைப் பற்றி, காயம் பட்ட நாளிலிருந்து அவர் தன் வேலைகளைத் தானே செய்யத் தொடங்கியது வரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், நீ என்னைப் பற்றியே எழுதப்போவதாகவும் சொல்லியிருந்தாய். 'எஸ்தர் டீச்சர் உங்க கையை எப்படிச் சரி பண்ணாங்கன்னு எனக்குத்தான் தெரியுமே. நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்மா, நானே எழுதிருவேன்' என்ற அந்த வரியை நாலு தடவை வாசித்தேன். உனக்குத் தெரியாது சுமதி. நாங்கள் உனக்குச் சொல்லிவைத்திருக்கும் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதை நீ காகிதத்தில் எழுதி, உன் ஆசிரியர் அதற்கு மார்க் போட்டு, அது உண்மையாகவே ஆகிவிடுவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

உனக்கு ஐந்து மாதம் ஆனபோது நான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. பகலெல்லாம் நீ பேச்சி அத்தையிடம் இருப்பாய். அத்தை உன் அப்பாவுக்கு மூத்தவள் என்பது உனக்குத் தெரியும். சேத்தூரில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை இல்லாமலே ஏழு வருடம் கழிந்து, புருஷனும் இறந்த பிறகு நம் வீட்டோடு வந்தவள். உன்னை முதன்முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். எனக்குத் துணி வெட்டும் மெஷினில் வேலை. நீளமாகச் சுருட்டிய துணியைச் சுழலும் கத்தி சின்னச் சின்ன உருளைகளாக வெட்டித் தள்ளும். வேலைக்குப் போன முதல் வாரமே ஒருநாள் துணி சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவுமில்லை. வலது மணிக்கட்டின் உள்பக்கம் கத்தி இறங்கியது. முதலில் வலியே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தேன். வெட்டி அடுக்கிவைத்திருந்த அதே துணியை என் கையில் சுற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

தசைநார்களையும் நரம்பையும் சேர்த்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் என் விரல் நுனிகளை ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். சுண்டுவிரலில் துள்ளினேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் அவர் குத்துகிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை. 'நரம்பு வளர நாளாகும்மா, முழுசா வருமான்னு இப்பச் சொல்ல முடியாது' என்றார். வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் உன்னைத் தூக்கக் கையை நீட்டினேன். உன் அப்பா குறுக்கே வந்து நின்றார். 'பிள்ளைய நீ தொட வேண்டாம். அக்கா பாத்துக்கிடும். மீறித் தூக்கி ஏதாவது ஆச்சு, ஒன்ன ஒங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன், பிள்ள இங்கதான் இருக்கும்' என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. உனக்கு முன்னால் ஒரு பிள்ளையைப் பிறந்த மூன்றாம் நாள் இழந்தவர்கள் நாங்கள். அவர் பயந்திருந்தார். ஆனால் அந்தப் பயம் என் காதில் தீர்ப்பாக விழுந்தது. நான் அதற்குப் பிறகு எதைச் சொல்வதாக இருந்தாலும் அந்த வார்த்தையை வைத்தே அளந்து சொன்னேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் அடிபட்ட கைகளுக்குப் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து எஸ்தர் ராஜபாளையத்துக்கு வருவார். ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பின்கட்டில் அவருக்கு ஓர் அறை. என்னைவிட ஒரு வயது இளையவராகத்தான் இருப்பார். நீ இப்போது படிக்கும் படிப்பை முடித்து வந்த புதிது. மேஜைமேல் மரக்குச்சிகள், களிமண், கலர் கலராக வளையங்கள் எல்லாம் பரப்பி வைத்திருப்பார். அதனாலேயே அங்கே எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். முதல் நாள் எனக்கு அழுகை முட்டியது. வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை இருக்க, என்னைச் சொப்பு வைத்து விளையாடச் சொல்கிறாளே என்று. ஆனாலும் விடாமல் போனேன். இரண்டு மாதத்தில் பலகையிலிருக்கும் ஓட்டைகளில் குச்சிகளைச் சொருகுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எஸ்தர் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு, 'ரொம்ப நல்லா வந்திருக்குக்கா. வீட்டுல எல்லா வேலையும் செய்யுறீங்களா?' என்று கேட்பார். 'செய்யுதேன்' என்பேன். 'பிள்ளைய?' என்பார். 'தூக்குதேன், குளிப்பாட்டுதேன்.' ஒன்றுகூட நிஜமில்லை. ஒருநாள் ஆள்காட்டி விரலில் பெரிய கொப்புளம். இட்லிச் சட்டியின் மூடியை எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது, தோல் கருகிய வாடை வந்துதான் விட்டேன். எஸ்தர் கேட்டபோது எண்ணெய் தெறித்துவிட்டது என்றேன். 'பாத்து செய்யுங்கக்கா' என்று மருந்து போட்டு அனுப்பினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. நான் பொய் சொன்னேன், அது என் தப்பு. ஆனால் என்னைப் போல ஆயிரம் பேர் உன் முன்னால் வந்து உட்கார்ந்து 'செய்யுதேன்' என்று தலையாட்டுவார்கள். புருஷனுக்குப் பயந்து, மாமியாருக்குப் பயந்து, உன்னை ஏமாற்றமடைய வைக்கக் கூடாதே என்று கூச்சப்பட்டு ஆட்டுவார்கள். செய்கிறார்களா என்று கேட்காதே. எங்கே, எனக்கு ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று கேள். அந்தக் குச்சிகளை நான் எப்படிச் சொருகினேன் தெரியுமா? கண்ணை எடுக்காமல் சொருகினேன். கண் பார்த்துக்கொண்டிருக்கும்வரை என் விரல்கள் கெட்டியாகப் பிடிக்கும். கண் அந்தப் பக்கம் திரும்பினால், எதைப் பிடித்திருக்கிறோம் என்பதே விரலுக்கு மறந்துபோகும். எஸ்தர் அதைச் சோதிக்கவில்லை. எனக்கும் அது அதுவரை தெளிவாகத் தெரியாது.

உனக்குப் பத்து மாதம். ஒரு வெள்ளிக்கிழமை காலை. உன் அப்பா மரக்கடைக்குப் போயிருந்தார். அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அடுப்பில் பால். நீ தொட்டிலில் விழித்துக்கொண்டு அழுதாய். அந்த ஐந்து மாதமாக நீ அழும்போதெல்லாம் நான் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். அத்தை தூக்கினால் நீ அடங்குவாய். நான் கிட்டே வந்தால் என் கையைப் பார்த்து முகத்தைத் திருப்புவாய். அன்று வீட்டில் யாருமில்லை. குச்சி சொருகுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய கை இது. தூக்கிவிட்டேன். நீ அழுகையை நிறுத்தி என் தோளில் முகத்தை வைத்தாய். வலது கை உன் முதுகில், இடது கை உனக்குக் கீழே. அப்படியே அடுப்படிக்கு நடந்தேன். பால் பொங்கி வந்தது. இடது கையை எடுத்துப் பாத்திரத்தை இறக்கப் போனேன். தலை அந்தப் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். நீ பின்பக்கமாக வளைந்தாய். என் விரல்கள் திறந்ததைக்கூட நான் அறியவில்லை. பாரம் குறைந்ததைத் தோள்தான் சொன்னது. நீ அம்மியின் விளிம்பில் நெற்றி அடிபட்டுத் தரையில் கிடந்தாய்.

நான் அலறினேனா என்று நினைவில்லை. அத்தை உள்ளே ஓடிவந்தாள். உன்னை வாரி எடுத்தாள், முந்தானையை நெற்றியில் அழுத்தினாள், செருப்பில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். மூன்று தையல் போட்டார்கள். நீ வீறிட்டுக் கத்துவதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. சத்தம் வருகிறதே, உயிர் இருக்கிறதே என்று. உன் அப்பா சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னைத்தான் பார்த்தார். 'யார் தூக்குனா?' என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அத்தை உன்னைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டே, 'ஏலே, எதுக்குக் கத்துத? என் கையிலருந்துதான் நழுவிருச்சு. ஈரக் கையோட தூக்கிட்டேன்' என்றாள்.

நான் மறுத்திருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. மூன்றாவது செவ்வாயன்று எஸ்தர் மதுரை பஸ்ஸிலிருந்து வழியில் நம் ஊரிலேயே இறங்கி, விசாரித்து விசாரித்து வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். உன் நெற்றித் தழும்பைப் பார்த்தார். அத்தை கொல்லைப்பக்கம் போனதும் என்னிடம் மெதுவாக, 'யாரு கையிலருந்து விழுந்துச்சுக்கா?' என்றார். முதன்முறையாக ஒருவரிடம் நிஜத்தைச் சொன்னேன். கொப்புளம், மூடி, பால், கண் திரும்பியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. என் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'நான் உங்க கைய மேஜைமேல மட்டுந்தான் பாத்திருக்கேன். இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்' என்றார். பிறகு கேட்டார்: 'இந்தக் கைய வச்சு நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?' ஐந்து மாதமாக யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. 'எம்பிள்ளைய நானே குளிப்பாட்டணும்' என்றேன்.

அவர் உடனே எனக்குப் பயிற்சி சொல்லித் தரவில்லை. அத்தையைக் கூப்பிட்டு, நீங்கள் பிள்ளையைக் குளிப்பாட்டுவதை நான் பார்க்கலாமா என்றார். அத்தை கொல்லையில் பலகை போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, உன்னைக் காலின்மேல் கிடத்தினாள். எஸ்தர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதல் சொம்புத் தண்ணீரிலிருந்து துண்டால் துவட்டும்வரை இமைக்காமல் பார்த்தார். எந்தக் கை எதைச் செய்கிறது, எப்போது இரண்டு கையும் வேண்டும், எப்போது கண் வேறெங்காவது போகிறது என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினார். முடிந்ததும் சிரித்தார். 'பிடிச்சுக்கிடுற வேலையக் காலுதான செய்யுது! கைக்குத் தண்ணி ஊத்துறதும் தேய்க்கிறதுந்தான். விழுறதுக்கும் உயரம் இல்ல.' சொம்பையும் சோப்பையும் இடப்பக்கத்துக்கு மாற்றினார். தண்ணீர்ச் சூட்டை இடது கையால் மட்டுமே பார்க்க வேண்டும் என்றார். உன் எடைக்கு ஒரு தலையணை உறையில் அரிசியைக் கட்டி, அதைக் காலில் வைத்து நான் பதினைந்து நாள் குளிப்பாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு புளியங்கொட்டை எது, சாவி எது என்று விரலால் கண்டுபிடிக்கும் வேலையும் தினமும் இருந்தது. பாதி நாள் தோற்பேன். 'தோத்தா பரவாயில்லக்கா, எது தெரியலன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும்' என்பார் எஸ்தர்.

உன்னைக் காலில் கிடத்திய முதல் நாள் உன் அப்பாவுக்குத் தெரியாமல்தான் நடந்தது. எஸ்தர் என் வலப்பக்கம், அத்தை இடப்பக்கம். நீ திமிறினாய். எண்ணெய்ப் பிசுக்கோடு உன் உடம்பு என் காலில் வழுக்கியது. முதல் சொம்பு ஊற்றியாயிற்று. முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் சத்தம். அவர் அந்த நேரத்துக்கு வருகிறவரே இல்லை. கொல்லைக்கு வந்தவர், 'ஏட்டி, என்ன செய்யுத நீ?' என்று கத்தினார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று என் உடம்பே துடித்தது. நான் நிமிரவில்லை. கண்ணை உன்மேலிருந்து எடுக்கவில்லை. அவர் ஓர் அடி முன்னால் வைத்ததை நிழலில் பார்த்தேன். அத்தை எழுந்து அவருக்குக் குறுக்கே போய் நின்றாள். 'செத்த நேரம் சும்மா இருலே. அவ பிள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கா. பொறவு வந்து கத்து.' நான் சோப்பைக் கழுவினேன், இடது கையால் சூடு பார்த்துக் கடைசிச் சொம்பை ஊற்றினேன், துவட்டி முடித்துத்தான் தலையைத் தூக்கினேன். உன் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதுவரை நடந்ததை நீ எழுதலாம். நல்ல கதைதான். ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் உன்னைப் பார்த்துக்கொள்ளத் தேறியதும், உன் அப்பாவுக்கு அக்கா தேவைப்படவில்லை. பிள்ளையைக் கீழே போட்டவள் என்பது மட்டும் அவர் மனதில் நின்றது. அத்தை உன்னைத் தூக்கும்போதெல்லாம் 'ஈரக் கையா?' என்று கேட்பார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, தினமும். அத்தை ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு சேத்தூரில் பூட்டிக்கிடந்த அவள் வீட்டுக்கே போய்விட்டாள். நீ வளர்ந்த பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியைத் தடவிக் காட்டி, 'என்னக் கீழ போட்டவங்கதான நீங்க' என்று கேலி செய்வாய். அவள் சிரிப்பாள். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். புருஷனிடம் சொல்லிவிடுங்கள் என்று எஸ்தர் இரண்டு தடவை சொன்னார். பொறவு சொல்லுதேன் என்றேன். அந்தப் 'பொறவு' பதினேழு வருடம் ஆகிவிட்டது.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். 'கிளம்பு' என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ராஜபாளையத்தில் பஸ் மாறிச் சேத்தூர் போனோம். அத்தை வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். 'அக்கா, அன்னைக்கு எதுக்குப் பொய் சொன்னே?' என்று நின்றபடியே கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள். எனக்கு அவள் பார்வையைத் தாங்க முடியவில்லை. 'மதினி, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்' என்றேன்.

அவள் எங்களை உட்காரச் சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். 'எல்லாத்தையும்னா எம்புட்டு? ஒனக்கு எம்புட்டுத் தெரியும்?' என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள். 'அன்னைக்கு நான் குழாய் வரைக்கும் போகல. குழாயில தண்ணி இல்லன்னு பாதியில திரும்பிட்டேன். கொல்லக் கதவுகிட்ட வரும்போது இவ பிள்ளையத் தூக்கிட்டிருந்தா. வேண்டாம்ட்டின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா திரும்பத் தொட்டில்ல வச்சிருப்பா. நான் குடுக்கல. நின்னு பாத்தேன். இவ கைக்குப் பிள்ள நிக்காதுன்னு இன்னொரு தடவ ஊர்ஜிதமாயிருச்சுன்னா, பிள்ள எங்கிட்டயே இருந்துரும்ல. அம்மியில விழும்னு நான் நெனைக்கல. ரத்தத்தப் பாத்த பொறவுதான் நான் என்ன நெனச்சுக்கிட்டு நின்னேன்னு எனக்கே ஒறச்சுச்சு. அதான் எம்மேல போட்டுக்கிட்டேன். நான் நல்லவ, தியாகம் செஞ்சவன்னு அந்தப் பிள்ளைக்கு எழுதிப்புடாத. பாதியச் சொன்னா அதுவும் பொய்தான்.'

உன் அப்பா அந்த மண்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஐந்து மாதம் சுவரோரம் நின்று உன்னை அவள் கையில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவள் ஒரு நிமிடம் கதவோரம் ஏன் நின்றாள் என்பது எனக்குப் புரியாதா? இரண்டு பேரும் ஒரே ஆசையைத்தான் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எஸ்தரின் நோட்டில் என் விரல்களின் கணக்கு முழுவதும் இருந்தது, இது எங்கும் இல்லை. நாளைக்கு நீயும் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போவாய். படுத்திருப்பவரை மட்டும் பார்த்துவிட்டு வராதே. அவருக்குச் சோறு ஊட்டுகிறவர் கதவோரம் எதற்காக நிற்கிறார் என்றும் பார். அவரைத் திட்டாதே. அவரிடமும் என்ன ஆசை என்று ஒரு தடவை கேள்.

'அக்கா, வீட்டுக்கு வா' என்றார் உன் அப்பா. அத்தை வாளியை எடுத்துக்கொண்டாள். 'நீ கூப்பிட்டு நான் வரல. நெத்தியில தையல் வாங்குனது நீ இல்ல. இம்புட்டையும் தெரிஞ்சுக்கிட்டு சுமதி கூப்பிடட்டும், வாரேன். கூப்பிடலேன்னாலும் நியாயந்தான்' என்று சொல்லிவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிவிட்டாள்.

அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. அடுத்த வீட்டில் இருக்கும் பள்ளிக்கூட டீச்சர்தான் கடிதங்களை வாசித்துக் காட்டுவார், அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது. சேத்தூர் முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உன் வாழ்நாளில் இதுவரை எல்லாவற்றுக்கும் புத்தி சொல்லியிருக்கிறேன். இதற்கு என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

அம்மா